சைட் வந்துவிட்டது, மெயில் எங்கே? டொமைன் அமைக்கும்போது செய்யக்கூடாதவை

போன கிழமை தலவாக்கலையிலிருந்து ஒரு பையன் அழைத்தான். என்னிடம் ஆறு மாதம் வேலை பழகியவன். இப்போது தனியாகக் கடைகளுக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறான். "சேர், சைட் நல்லா வந்துருச்சு. மெயில் மட்டும் ரெண்டு நாளா வரல." நான் ஒன்றுதான் கேட்டேன்: "நேம்சேர்வர மாத்தினியா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நேம்சேர்வர் என்பது, ஒரு டொமைனுக்கு, அதாவது சைட்டின் பெயருக்கு, சைட் எங்கே, மெயில் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் சேர்வர்.

இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் விழுகிறார்கள். நானும் அதே வரிசையில் விழுந்து எழும்பியவன்தான். ஐபியை, அதாவது சேர்வரின் முகவரி இலக்கத்தைத் தப்பாக அடிப்பது, டொமைன் பெயரில் ஓர் எழுத்தை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை பத்து நிமிடத்தில் தாமாகவே பிடிபடும். பிடிபடாமல் நாள் கணக்கில் ஓடுகிற பிழைகள்தான் ஆளைக் கொல்லும்.

நேம்சேர்வரைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நுவரெலியாவில் எட்டு அறை உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஏப்ரல் சீசனுக்கு ஒரு மாதம் இருக்கும்போது புது சைட் கேட்டார்கள். பழைய ஹோஸ்டிங், அதாவது சைட்டை வைத்திருக்கும் வாடகை சேர்வர், மந்தம் என்று புதிய இடத்தில் வாங்கினேன். வாங்கியதும் வந்த வரவேற்பு மெயிலில், "உங்கள் டொமைனின் நேம்சேர்வர்களை இந்த இரண்டுக்கும் மாற்றுங்கள்" என்றிருந்தது. இரவு பத்து மணிக்கு மாற்றிவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் சைட் பளிச்சென்று நிற்கிறது, பூட்டு அடையாளமும் விழுந்திருக்கிறது. முதலாளி அண்ணனுக்கு ஏக சந்தோசம். காசோடு ஒரு பை லீக்ஸும் கரட்டும் கொடுத்து அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் அவரிடமிருந்து கோல். "தம்பி, சீசன் நேரம், ஒரு புக்கிங் மெயிலையும் காணோமே?" என்னத்தைச் சொல்ல? "இந்த வருசம் கூட்டம் குறைவு போல அண்ணே" என்றேன். அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் கூசுகிறது. கொழும்பிலிருந்து ஒரு டிராவல் ஏஜென்ட் வீட்டு போனுக்கே அழைத்து, "மூணு மெயில் போட்டோம், பதிலே இல்லையே" என்று சொன்ன பிறகுதான் நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அறுபத்து மூன்று மெயில்கள், திறந்தே பார்க்காத ஒரு பெட்டிக்குள் கிடந்தன. அவற்றில் நான்கு அறைகளை ஐந்து இரவுக்குக் கேட்ட ஒரு குடும்பமும் இருந்தது. அவர்கள் அதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். .எல்கே ஆகட்டும், .கொம் ஆகட்டும், சைட்டையும் மெயிலையும் கண்டுபிடிக்க டொமைன் பதிவகம் சொல்வது பெரும்பாலும் நேம்சேர்வர் பெயர்கள் மட்டும்தான். சைட் எங்கே, மெயில் எங்கே என்ற விவரமெல்லாம் அந்த நேம்சேர்வர் வைத்திருக்கும் கொப்பியில் இருக்கிறது. நேம்சேர்வரை மாற்றுவது அந்தக் கொப்பியில் ஒரு வரியைத் திருத்துவது அல்ல, கொப்பியையே மாற்றுவது. புதுக் கொப்பியைப் புது ஹோஸ்டிங் தானாகவே எழுதி வைத்திருக்கும்: சைட்டும் எனக்கு, மெயிலும் எனக்கு என்று. பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் (மெயில் எந்த சேர்வருக்குப் போக வேண்டும் என்ற வரி), எஸ்பிஎஃப் (நம் பெயரில் மெயில் அனுப்பக்கூடிய சேர்வர்களின் பட்டியல்), டிகிம் (மெயிலில் உள்ள கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) ஒன்றும் அதில் இராது.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் பையன்கள் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறார்கள். ஃபோர்வேர்ட் என்பது டிஎன்எஸ் ரெக்கார்டே இல்லை, அதாவது அந்தக் கொப்பியில் உள்ள வரியே இல்லை. "இன்ஃபோ என்ற முகவரிக்கு வருவதை அண்ணனின் ஜீமெயிலுக்கும் கொழும்பில் இருக்கிற மகளுக்கும் அனுப்பு" என்ற கட்டளை மெயில் சேர்வருக்குள் இருக்கிறது. ரெக்கார்ட் முழுவதையும் ஒரு புள்ளி விடாமல் பிரதி எடுத்தாலும் அது கூட வராது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது லேசு. எங்கள் தாத்தா காலத்தில் லயத்துக்கு என்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், தப்பால்காரர் டவுன் தபால் கந்தோரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்கு வருவார். எந்தக் கடிதம் எந்த லயத்தில் எந்தக் காம்பராவுக்கு என்பது அங்கே இருந்த ஆளுக்குத்தான் தெரியும். எம்எக்ஸ், பை எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று சொல்வது. ஃபோர்வேர்ட், அந்த ஆளின் தலைக்குள் இருப்பது. நான் ஆபீசை மாற்றினேன், ஆளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. புது ஆபீசில் இருந்தவர் யாரென்று தெரியாத கடிதங்களையெல்லாம் லாச்சிக்குள் போட்டு வைத்தார். நான் பார்த்த பெட்டி அந்த லாச்சிதான்.

லாச்சி இருந்ததும் ஒரு விதத்தில் அதிர்ஷ்டம், மெயிலாவது மிஞ்சியது. ஆனால் அதனால்தான் பன்னிரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் போனது. "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று திருப்பியிருந்தால் அனுப்பியவர் அன்றைக்கே அழைத்திருப்பார். எம்எக்ஸே இல்லாத டொமைனிலும் உடனே பிழை தெரியும் என்று நம்ப வேண்டாம். எம்எக்ஸ் இல்லையென்றால் அனுப்பும் சேர்வர், சைட் எங்கே என்று சொல்லும் ஏ ரெக்கார்டில் உள்ள ஐபியையே மெயில் சேர்வராக எடுத்துக்கொண்டு அங்கே போய்த் தட்டும். அங்கே யாரும் திறக்காவிட்டால் பொதுவாக நான்கைந்து நாள் விட்டுவிட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்பியவருக்கு முடிவாகச் சொல்லும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். சைட் மட்டும் இடம் மாறுகிறது என்றால் பழைய நேம்சேர்வரிலேயே ஏ ரெக்கார்டின் ஐபியை மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. வரவேற்பு மெயில் அதைச் சொல்லாது. அவர்களுக்கு எல்லாம் தங்கள் கையில் இருப்பதுதான் வசதி. ஒன்று மட்டும் கவனம்: எம்எக்ஸ் உங்கள் டொமைன் பெயரையே காட்டிக்கொண்டிருந்தால், ஏ ரெக்கார்டை மாற்றியதும் மெயிலும் கூடவே போய்விடும். அப்படியிருந்தால் முதலில் மெயிலுக்கு ஒரு தனிப் பெயர் வைத்து, அதைப் பழைய ஐபிக்குக் காட்டி, எம்எக்ஸை அந்தப் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

நேம்சேர்வரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய பேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கத்தில்) உள்ள ரெக்கார்ட் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். எம்எக்ஸ் மட்டும் போதாது, எஸ்பிஎஃப், டிகிம் எழுதியிருக்கும் டெக்ஸ்ட் ரெக்கார்டுகளும் மெயில் என்று தொடங்கும் பெயர்களும் வேண்டும். ஃபோர்வேர்ட் பட்டியலை வேறாக எழுதி எடுங்கள். புது இடத்தில் எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகு, மாற்றுவதற்கு முன்பே, என்எஸ்லுக்அப் கட்டளையில் புது நேம்சேர்வரின் பெயரைக் கொடுத்து அதனிடமே நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். சரியான எம்எக்ஸ் வந்தால் மட்டும் மாற்றுங்கள்.

டிடிஎல்லை, அதாவது ஒரு ரெக்கார்டின் விடையை மற்றவர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற எண்ணைக் குறைப்பதென்றால் குறைந்தது ஒரு நாள் முன்னதாகச் செய்ய வேண்டும். 86400 என்று இருந்தால் அது ஒரு முழு நாள். மாற்றுகிற அன்றைக்கு 300 ஆக்கினால், நேற்றே விடையை வாங்கி வைத்துக்கொண்டவர்களுக்கு அது போய்ச் சேராது. நேம்சேர்வர் பெயர்களுக்கான டிடிஎல் பதிவகத்தின் கையில் இருக்கிறது, உங்கள் பேனலில் அதை மாற்ற முடியாது. அதனால் ஓரிரு நாளைக்குச் சில மெயில் அங்கேயும் சில இங்கேயும் போகும். பழைய ஹோஸ்டிங்கை ஒரு கிழமையாவது உயிரோடு வைத்திருந்து இரண்டு பெட்டியையும் பாருங்கள்.

அந்த அண்ணன் இன்றைக்கும் என்னிடம்தான் வேலை தருகிறார். ஆனால் சைட்டில் ஒரு படத்தை மாற்றினால்கூட அரை மணித்தியாலத்தில் அழைத்து, "தம்பி, மெயில் வருதா?" என்று கேட்பார்.

எம்எக்ஸில் ஐபி எழுதுவது

பெயர்தான் எழுத வேண்டும். அந்தப் பெயருக்கு ஏ ரெக்கார்ட் இருக்க வேண்டும், அது சீநேமாக (இன்னொரு பெயரைக் காட்டும் ரெக்கார்டாக) இருக்கக்கூடாது.

ஃபோர்வேர்டை இன்பாக்ஸ் என்று நம்புவது

சின்ன வியாபாரங்களுக்கு ஃபோர்வேர்ட் போதும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். செலவில்லை, முதலாளிக்கு ஜீமெயில் பழகியிருக்கிறது. ஆனால் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

ஜெர்மனியிலிருந்து ஒருவர் இன்ஃபோ முகவரிக்கு எழுதுகிறார் என்று வையுங்கள். நம் சேர்வர் அதை வாங்கி ஜீமெயிலுக்குத் தள்ளுகிறது. ஜீமெயில் பார்க்கும்போது அனுப்பியவரின் பெயர் ஜெர்மன் கம்பனி, வந்து நிற்கும் சேர்வர் நம்முடையது. அந்தக் கம்பனியின் எஸ்பிஎஃப் பட்டியலில் நம் சேர்வர் இல்லை, எனவே எஸ்பிஎஃப் தோற்கிறது. டிகிம் கையொப்பம் இருந்து, வழியில் மெயிலை யாரும் தொடாமல் இருந்தால் தப்பிக்கும். கையொப்பம் இல்லாமல், அந்தக் கம்பனியின் டிமார்க் (சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற கட்டளை) "நிராகரி" என்று சொன்னால் கதவு சாத்தப்படும். 2024 பெப்ரவரியிலிருந்து, ஜீமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது.

இதற்குப் புதியவர்கள் போடும் மருந்து, நம் டொமைனின் எஸ்பிஎஃபில் நம் சேர்வரைச் சேர்ப்பது. அது நாம் அனுப்பும் மெயிலுக்குத்தான் பயன்படும். இங்கே சோதிக்கப்படுவது ஜெர்மன்காரரின் எஸ்பிஎஃப், அதில் எழுத நமக்கு உரிமை கிடையாது. எஸ்ஆர்எஸ் என்ற முறையில் உறை மேலிருக்கும் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதித் தள்ளும் சேர்வர் என்றால் எஸ்பிஎஃபாவது தேறும். வாங்கும்போதே அது உண்டா என்று கேளுங்கள். புக்கிங் மாதிரிக் காசு வரும் முகவரிக்கு நிஜமான மெயில் பெட்டி ஒன்றை உருவாக்கி, பிரதியை மட்டும் ஃபோர்வேர்ட் செய்யுங்கள். ஜீமெயில் தடுத்தாலும் மூலம் கையில் இருக்கும்.

எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கித் தள்ளும் கேட்ச்ஓல் வேண்டவே வேண்டாம். குப்பையெல்லாம் நம் சேர்வர் பெயரில் ஜீமெயிலுக்குப் போகும், கொஞ்ச நாளில் நாமே குப்பைக்காரர் ஆகிவிடுவோம்.

இரண்டு எஸ்பிஎஃப்

ஒரு பெயருக்கு ஒன்றுதான். இரண்டாவது சேவை வாங்கியதும் இரண்டாவது ரெக்கார்ட் போடாமல், ஒரே வரிக்குள் இரண்டையும் சேருங்கள். வரி நீண்டுகொண்டே போனால் இன்னொரு பொறி உண்டு: அதைச் சரிபார்க்கும்போது நடக்கும் டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டினாலும் முழுதும் செல்லாது.

தன் ஜீமெயிலிலிருந்தே சோதித்துப் பார்ப்பது

ஹட்டனில் ஒரு பிள்ளை ஒரு பின்னேரம் முழுக்க ஃபோர்வேர்டை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தன் ஜீமெயிலிலிருந்து இன்ஃபோவுக்கு அனுப்புகிறாள், அது அதே ஜீமெயிலுக்குத் திரும்பி வர வேண்டும், வரவில்லை. உண்மையில் அது வந்துகொண்டுதான் இருந்தது. தான் அனுப்பிய மெயில் அதே அடையாள இலக்கத்தோடு திரும்பி வந்தால், ஜீமெயில் அதை இன்னொரு பிரதி என்று எடுத்து இன்பாக்ஸில் காட்டாது. வேறு ஆளின் முகவரியிலிருந்து அனுப்பினால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். நான் பிளேன்டீ குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சொன்னேன். அது என் பிழை.

வெளியார் மெயில் வருகிறது, சைட்டிலிருந்து மட்டும் வரவில்லை

எம்எக்ஸை கூகுளுக்கோ வேறு மெயில் சேவைக்கோ மாற்றிய பிறகு இது நடக்கும். சீபேனல் என்ற ஹோஸ்டிங் பேனலில் மெயில் ரூட்டிங் இன்னும் "லோக்கல்" என்றே நின்றால், சைட்டில் உள்ள தொடர்புப் படிவம் அனுப்பும் மெயிலை அந்த சேர்வர் வெளியே விடாது. இந்த டொமைன் என்னுடையதுதானே என்று தனக்குள்ளேயே போட்டுக்கொள்ளும். "ரிமோட்" என்று மாற்றுங்கள்.

மெயில் பெயரில் ஆரஞ்சு மேகம்

கிளவுட்ஃபிளேர் என்ற டிஎன்எஸ் சேவையில் மெயில் சேர்வரின் ஏ ரெக்கார்டுக்குச் சாம்பல் மேகம்தான், நேரே நம் சேர்வருக்குப் போகும். கிளவுட்ஃபிளேர் வழியாகப் போகும் ஆரஞ்சு, சைட்டுக்கு.

.இலங்கை டொமைனில் தமிழை அப்படியே ஒட்டுவது

.இலங்கை 2010 இலிருந்து இருக்கிறது, வாங்குகிறவர்களைப் பார்க்க எனக்கும் ஆசை. ஆனால் பல பேனல்களில் தமிழ்ப் பெயரை அப்படியே போட்டால் ஏற்காது. எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாற்றிப் போட வேண்டும். சைட் ஓடும். தமிழ் மெயில் முகவரி என்றால் வழியில் இருக்கும் எல்லா சேர்வரும் அதை ஏற்க வேண்டும், ஏற்காதவை இன்னும் ஏராளம். விசிட்டிங் கார்டில் அது ஒன்றை மட்டும் அச்சடிக்காதீர்கள்.

டொமைன் பதிவுக்கு அதே டொமைனின் மெயிலைக் கொடுப்பது

டொமைன் காலாவதியானால் அதைப் புதுப்பிக்கச் சொல்லும் மெயிலும் வராது.

தலவாக்கலைப் பையன் விசயத்துக்கு வருகிறேன். பழைய ஹோஸ்டிங்கில் போய் ஃபோர்வேர்ட் பட்டியலைப் பார் என்றேன். "அத நேத்தே நிப்பாட்டிட்டேன் சேர், காசு மிச்சம்னு" என்றான். அங்கே கேட்டால் அழித்தாகிவிட்டது என்று பதில். கடை முதலாளிக்கு முகவரிகள் ஞாபகமில்லை. கடைசியில் இருவரும் கடைக்கே போய் பில் புத்தகம், பெயர்ப்பலகை, பழைய கலண்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஐந்து முகவரிகளைத் திரும்ப எடுத்தோம். ஆறாவது, டெலிவரி வேனின் பின்கதவில் எழுதியிருந்தது. அதற்கு வந்த மெயில்கள் இத்தனை நாளாக யாருக்குப் போய்க்கொண்டிருந்தன என்று கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை.