மேரிக்குப் பின்னால் ஒரு மேற்கோள்குறி

கடைக்கிளைகளின் பட்டியலை, சர்வரில் ஓடும் பிஎச்பியிலிருந்து எடுத்து, பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வரைபடத்துக்குக் கொடுக்க வேண்டும். பட்டியலை ஒரே ஸ்டிரிங்காக (எழுத்துத்தொடராக) இணைக்கும் இம்ப்ளோடு வைத்து, ஒவ்வொரு முகவரியையும் ஒற்றை மேற்கோளுக்குள் ஒட்டி, இரு பக்கமும் சதுர அடைப்பு போட்டுவிட்டேன். இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் ஒருநாள் வரைபடமே காணோம். கன்சோலில் சிவப்பாக சின்டாக்ஸ் எரர்.

பிஎச்பி கோப்பையே அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். அங்கே தவறே இல்லை. பிரவுசரில் வியூ சோர்ஸ் பார்த்தபோதுதான் புரிந்தது. புதிதாகச் சேர்ந்த கிளை இருப்பது செயின்ட் மேரி'ஸ் ரோட்டில். மேரிக்குப் பின்னால் வந்த அந்தக் குறியோடு ஸ்டிரிங் முடிந்துவிட்டதாக ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டது. சரி என்று, மேற்கோள்குறிக்கு முன்னால் பின்சாய்வுக்கோடு சேர்க்கும் ஆட்ஸ்லாஷஸ் போட்டேன். அடுத்து, இன்னொரு முகவரிக்குள் யாரோ என்டர் தட்டியிருந்த இடத்தில் உடைந்தது; புதுவரியை ஆட்ஸ்லாஷஸ் கண்டுகொள்வதில்லை.

ஒட்டுவேலை எல்லாவற்றையும் அழித்துவிட்டு தரவை ஜாவாஸ்கிரிப்டுக்குப் புரியும் ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் ஜேசன்_என்கோடு மட்டும் எழுதினேன், சுற்றிலும் மேற்கோள் இல்லாமல். (பழக்கதோஷத்தில் முதலில் அதையும் போட்டேன்!) தரவுக்குள் ஸ்கிரிப்ட் டேக் வந்தாலும் பக்கம் சிதறாமல் இருக்க <, > குறிகளை வேறு வடிவில் எழுதும் ஜேசன்_ஹெக்ஸ்_டேக் சேர்த்தேன்.

பிழை போனது, உடனே, பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்ஈச் ஒரு ஃபங்ஷனே இல்லை என்று புதுப் புகார். மூடிய கிளைகளை அரே_ஃபில்டர் கழித்ததில் கீ (பட்டியல் எண்) வரிசை 0, 1, 3 என்று ஓட்டை விழுந்திருந்தது. அப்படி இருந்தால் ஜேசனில் அரே (பட்டியல்) வராது, ஆப்ஜெக்ட்தான் வரும்; அதற்கு ஃபார்ஈச் கிடையாது. என்கோடு செய்வதற்கு முன், கீகளை 0-விலிருந்து மீண்டும் அடுக்கும் அரே_வேல்யூஸ் போட்டதும் 14 கிளைகளும் வரைபடத்தில் வந்து உட்கார்ந்தன.