எதற்கு அப்புறம் எது: பாட்டுத் தொகுப்பு மாற்றிக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் எங்கள் வட்டத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் பென்டிரைவை நீட்டினார். "அண்ணா, இதுல 740 பாட்டு இருக்குதுங்க. அத்தனையும் உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். வீட்டில் செருகிக் கேட்டேன். அவர் சொன்னதில் பொய் இல்லை, பிடித்த பாட்டுகள்தான். ஆனால் மூன்றாம் நாளே அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

எங்கள் வட்டம் சின்னது, ஏழெட்டுப் பேர். பாலக்காட்டு எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கிறோம். காய்கறி லாரி ஓட்டும் அண்ணன், தென்னந்தோப்புக்காரர் ஒருவர், டீச்சர் ஒருவர், சித்தூரில் இருந்து ஒரு சேட்டன், அப்புறம் நான். மாதம் ஒரு ஞாயிறு கூடி, ஆளுக்கு ஒரு தொகுப்பு தயார் செய்து இன்னொருவருக்குக் கொடுப்போம். 1990-களில் பொள்ளாச்சிப் பக்கம், கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தவன் என்பதால், தவறு செய்வதில் என் அனுபவம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

அந்தத் தம்பி செய்ததுதான் முதல் தவறு. 32 ஜிபி பென்டிரைவில் நல்ல தரத்தில் வைத்தாலே 3,000-க்குச் சற்றுக் குறைவாகப் பாட்டு பிடிக்கும். இடம் இருக்கிறதே என்று நிரப்பினால் அது தொகுப்பு ஆகாது, கிடங்கு ஆகும். அந்தக் காலத்து 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான். நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு போடலாம், 27 நிமிடம் ஆகும். மீதி மூன்று நிமிடத்துக்கு ஏழாவது பாட்டைத் தொடங்கினால் சரணத்துக்கு நடுவில் டக்கென்று நின்றுவிடும். கடையில் இதற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அதனால் கடைசி மூன்று நிமிடத்துக்கு ஏற்ற குட்டிப் பாட்டுகளாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நெருக்கடிதான் எதை விடுவது என்று யோசிக்க வைத்தது. இப்போது எங்கள் வட்டத்தில் 12 பாட்டு, அதிகம் போனால் 14 என்று கணக்கு.

அடுத்தது, யார் கேட்கப் போகிறார் என்று பார்த்துவிட்டு, எங்கே கேட்கப் போகிறார் என்று பார்க்காமல் விடுவது. லாரி அண்ணனுக்கு நான் முதலில் செய்த தொகுப்பு அப்படித்தான் கெட்டது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி இரவோடு இரவாகத் திருச்சூர் போகிறவர். அவருக்கு மெலடி பிடிக்கும் என்று தெரிந்து, தேடித் தேடி நீலாம்பரிச் சாயல் உள்ள பாட்டாகச் சேர்த்தேன். அடுத்த மாதம் வந்தவர் பென்டிரைவைத் திருப்பிக் கையில் வைத்தார். "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குத் தாலாட்டுப் பாடிட்டியே. உடுமலை தாண்டுறதுக்குள்ள கண்ணு சொக்கிருச்சு." நீலாம்பரி தாலாட்டு ராகம் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தூக்கம் ஒரு பக்கம். லாரி கேபினுக்குள் இன்ஜின் சத்தம் இருக்கிறதே, அதில் மெல்லிய வயலினும் புல்லாங்குழலும் காணாமல் போய்விடும். கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவார். அந்த நேரம் பார்த்துத் தபேலாவும் பாஸ் கிட்டாரும் ஒன்றாக இறங்கிக் காதைப் பிளக்கும். வண்டியில் கேட்பவருக்குச் சத்தம் அதிகம் ஏறி இறங்காத பாட்டாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவில் இயர்போனில் கேட்கும் டீச்சருக்கு நேர்மாறாகச் செய்யலாம், அங்கே தம்புரா மீட்டும் விரலின் உரசல் வரை கேட்கும். லாரி அண்ணன், திருச்சூர் போகும் வழியில் உள்ள குதிரான் மலை ஏற்றத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்துக்கென்றே ஒரு நீளமான பாட்டு வைத்திருந்தார். 2021-இல் குகைப்பாதை திறந்த பிறகு அந்தப் பாட்டு பல்லவி முடிவதற்குள் வண்டி வெளியே வந்துவிடுகிறதாம். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

வரிசைக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பாட்டுகளைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுப்பவர்கூட அவற்றை அடுக்க பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை. கச்சேரி கேட்டவர்களுக்கு இது தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு வகுத்துக் கொடுத்த வரிசையைப் பாருங்கள். முதலில் வர்ணம். அது குரலுக்கும் சபைக்கும் சேர்த்துச் சூடேற்றும். பிறகு சின்னக் கீர்த்தனைகள், நடுவில் பெரிய ராகம், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம், அப்புறம் துக்கடா என்னும் லேசான குட்டிப் பாட்டுகள், மங்களம். நாம் என்ன செய்கிறோம்? இருப்பதிலேயே அருமையான பாட்டை முதலில் வைத்துவிடுகிறோம். அதற்கு அப்புறம் வருவதெல்லாம் இறங்குமுகம்தான். என் வழக்கம், நடுத்தர வேகத்தில் ஒன்றைத் தொடக்கத்தில் வைத்துவிட்டு, பெரிய பாட்டை நாலாவது அல்லது ஐந்தாவது இடத்தில் வைப்பது.

ஒட்டியுள்ள ராகங்களை அடுத்தடுத்து வைப்பதும் இப்படித்தான். ஆரபி முடிந்ததும் தேவகாந்தாரி வந்தால் காது இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும், இரண்டின் அழகும் போகும். ராகப் பெயரே தெரியாதவருக்கும் "என்னமோ ஒரே மாதிரி இருக்கே" என்று அலுப்புத் தட்டும். ஒரே ராகத்தில் 12 பாட்டு என்று வேண்டுமென்றே செய்தால் அது வேறு விளையாட்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சுருதியையும் கவனிக்கலாம். பாட்டின் ஆதார சுரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் கட்டை என்று சொல்வோம். ஒரு கட்டையில் முடிந்த பாட்டை ஒட்டி ஒன்றரைக் கட்டையில் ஒரு பாட்டு தொடங்கினால், படியில் கால் இடறியது போல இருக்கும். ஒன்றில் இருந்து நாலு கட்டைக்கோ ஐந்து கட்டைக்கோ போனால் இடறாது, உறவுள்ள சுரங்கள் அல்லவா. கைபேசியில் ஒரு சுருதிப்பெட்டி செயலி இருந்தால் ஒவ்வொரு பாட்டின் கட்டையையும் கண்டுபிடித்துவிடலாம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், மேளத்தில் தொடங்கும் பாட்டை இடையில் வையுங்கள். மேளம் முன்னால் வந்துவிட்டால் சுருதி மாறியது காதில் அவ்வளவாக உறுத்தாது.

எல்லைக்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. ஒரே மெட்டு தமிழிலும் மலையாளத்திலும் இருக்கும், இரண்டும் நமக்குப் பாடம். அடடா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். நானும் வைத்தேன். சித்தூர் சேட்டன் கேட்டுவிட்டுச் சொன்னது: "ஒரே சாயாவ ரெண்டு கிளாஸ்ல ஊத்திக் கொடுத்தமாதிரி உண்டு." அதற்குப் பிறகு ஒன்றை முதல் பாதியில் இரண்டாவதாக வைத்தால், அதன் ஜோடியை இரண்டாம் பாதியின் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன். பாதி மறந்திருக்கும் நேரத்தில் அந்த மெட்டு வேறு மொழியில் வந்து நிற்கும்போது, கேட்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி கொஞ்சம் இயந்திர சமாச்சாரம். 1960-களின் பாட்டுக்கு அடுத்து 2000-க்குப் பிறகு வந்த பாட்டு ஒலித்தால் சத்தம் எகிறும். புதிய பதிவுகள் எல்லாமே உச்சத்தில் வைத்து முடிக்கப்பட்டவை. பழசின் சத்தத்தைக் கூட்டிச் சமன் செய்யப் பார்க்காதீர்கள், உச்சத்தில் கரகரப்பு வந்துவிடும். புதுசைக் குறையுங்கள். எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் பாட்டை மறுபடி சுருக்காமலேயே அளவை மட்டும் மாற்றும், ஒரு படிக்கு 1.5 டெசிபல்.

கேபிபிஎஸ் என்பது ஒரு நொடிப் பாட்டுக்குக் கோப்பில் ஒதுக்கும் தகவலின் அளவு. 128 கேபிபிஎஸ் கோப்பை 320 ஆக மாற்றிவிட்டுத் தரம் கூடிவிட்டது என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய சொம்பில் ஊற்றினால் பால் கூடுமா? சொம்புதான் கனக்கும்.

நீங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கிய வரிசை போய்ச் சேரும் இடத்தில் குலைவதற்கு மூன்று வழி இருக்கிறது. கோப்புப் பெயரில் 1, 2, 3 என்று எண் போட்டால் பல கருவிகளில் 1-க்கு அடுத்து 10 ஒலிக்கும், 01, 02 என்றுதான் போட வேண்டும். சில பழைய கார் செட்டுகள் பெயரைப் பார்ப்பதே இல்லை, எது முதலில் பென்டிரைவில் ஏறியதோ அதையே முதலில் பாடும். அங்கே ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுத்தால்தான் உண்டு. மூன்றாவது வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டில் ஆடியோவாக அனுப்பினால் நீங்கள் வைத்த பெயர் போய், ஏயுடி என்று தொடங்கும் எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் பெயர் தங்கும். இன்னொன்று, 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வரும். பழைய செட்டுகளுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும், பாட்டே இல்லை என்று காட்டிவிடும். 16 அல்லது 32 ஜிபி வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

நான் இத்தனை வம்பும் வேண்டாம் என்று, ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் ஆறு ஆறு பாட்டாக ஒட்டி, அரை மணி நேரத்துக்கு ஒன்றாக இரண்டே கோப்பு செய்துவிடுகிறேன். ஏ பக்கம், பி பக்கம். 320 கேபிபிஎஸ் வைத்தாலும் ஒரு பக்கம் 72 எம்பிதான். நடுவில் ஒரு பாட்டைத் தாண்ட முடியாதே என்று தென்னந்தோப்புக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். அதற்காகத்தானே ஒட்டியது!

கேசட் மேல் திரும்பவும் ஆசை வந்து பதிவு செய்பவர்களுக்கு மட்டும்: சுருளின் ஆரம்பத்தில் உள்ள நிறமற்ற துண்டில் எதுவும் பதியாது. பென்சிலை விட்டுப் பழுப்பு நாடா வரும் வரை சுற்றாமல் பதிந்தால், பல்லவியின் முதல் சொல் போய்விடும். பதிந்து முடித்ததும் மேல் ஓரத்தில் உள்ள குட்டிப் பல்லை உடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதன் மேலேயே வேறு எதையாவது பதிவார்கள். 120 நிமிடக் கேசட் வேண்டவே வேண்டாம், நாடா மெலிசு, சிக்கிக்கொள்ளும்.

பாட்டுடன் சீட்டு வைக்காமல் கொடுப்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் கோபம் வரவழைக்கும் தவறு. பாட்டு, படம், வருடம், இசை, பாடியவர், எழுதியவர் ஆகிய ஆறும் வேண்டும். இணையத்தில் கிடைத்ததை அப்படியே எழுதாதீர்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் பக்கத்து எலப்புள்ளிக்காரர் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமையில் 1965-க்கு முந்தைய பாட்டுகளுக்கும் அவர் பெயரை மட்டும் எழுதிவிடுகிறோம். அந்த வருடம் பிரியும் வரை விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்றுதான் படத்தில் பெயர் வந்தது. டி.கே.ராமமூர்த்தியை விட்டுவிட்டால் பாதி உண்மைதான்.

இதைவிட ஆபத்தானது ஜெயச்சந்திரன் பாடியதற்கு யேசுதாஸ் என்று எழுதுவது. தமிழ்நாட்டுப் பக்கம் பல பேர் செய்வார்கள். எங்கள் சேட்டன் ஜெயச்சந்திரனுக்கு உயிரை விடுகிறவர். 2025 ஜனவரியில் ஜெயச்சந்திரன் காலமான மாதம், வட்டத்தில் எல்லோரும் அவர் பாட்டு மட்டுமே கொடுத்தோம். வாங்கிக்கொண்ட சேட்டன் அன்று டீயைத் தொடவில்லை.

சீட்டை எந்த எழுத்தில் எழுதுவது என்பதும் இங்கே யோசிக்க வேண்டிய விஷயம். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்த பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்குப் பாட்டு புரியும், சீட்டு புரியாது. வாங்குபவர் எதைப் படிப்பார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, பழைய செட்டுகள் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும்.

வாங்குபவர் பக்கமும் தவறு உண்டு. மறுநாள் காலையில் "சூப்பர்" என்று ஒரு வார்த்தை அனுப்புவது, கேட்கவில்லை என்பதற்குச் சாட்சி. இரண்டு வாரம் கழித்து "பி பக்கம் மூணாவது, அந்த ஷெனாய் வர்ற இடம்" என்று ஒரு வரி வந்தால் போதும். கொடுத்தவரும் தினமும் "கேட்டாச்சா?" என்று நச்சரிக்கக் கூடாது. உங்களுக்கென்று செய்ததை, செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பது சரியில்லை, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவதும் காசுக்கு விற்பதும் பதிப்புரிமைச் சட்டத்தில் மாட்டும். ஒலிப்பதிவுக்கு இந்தியாவில் 60 வருடப் பாதுகாப்பு உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் கடையில் செய்ததே சட்டப்படி சரியில்லாத வேலைதான், மறைக்க ஒன்றும் இல்லை.

740 பாட்டுத் தம்பி அடுத்த மாதம் மறுபடி வந்தார். 12 பாட்டு, இரண்டு கோப்பு, கையெழுத்தில் அழகாக ஒரு சீட்டு. டீ வருவதற்குள் சீட்டு கை மாறிக் கை மாறிச் சேட்டனிடம் போனது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவர், பி பக்கம் நாலாவது வரியில் நின்றார். பாடியவர் என்ற இடத்தில் யேசுதாஸ் என்று எழுதியிருந்தது. சேட்டன் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரைப் பார்த்துப் பேனா இருக்கிறதா என்று கேட்டார்.