யாழ்ப்பாண நகரின் மரங்களுக்கு நீண்டகாலப் பராமரிப்புத் திட்டம் வகுப்பது எப்படி?

கார்த்திகை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் மரக்கன்று நடுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. வடக்கு மாகாண சபை அம்மாதத்தை மரநடுகை மாதமாக அறிவித்ததிலிருந்து பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் கன்றுகளோடு வீதியோரங்களில் நிற்கின்றன. அடுத்த ஆடியில், சோழகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் நாள்களில், அதே கன்றுகளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்ற யார் வருவார் என்பதற்குத்தான் பதில் கிடைப்பதில்லை. நான் பங்குகொண்ட ஒரு நடுகையில், ஆவணி பிறந்தபோது கன்றுகளைச் சுற்றி வைத்த கூடுகள் மட்டுமே எஞ்சியிருந்தன. ஆகவே திட்டத்தை நடுகையிலிருந்து தொடங்காமல், ஏற்கெனவே நிற்கும் மரங்களின் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வேலை மரப் பதிவேடு. வட்டாரம் வட்டாரமாக, வீதி வீதியாக, இருவர் கொண்ட குழுக்கள் நடந்து சென்று ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கம் இட்டு, இனம், இடம், சுற்றளவு, கொப்புகளின் நிலை, மேலே செல்லும் கம்பி, அடியிலுள்ள தரை, அந்த நிலம் யாருடையது என்பவற்றை எழுத வேண்டும். சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் தையல் நாடாவால் அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். பனைக்கு இந்தக் கணக்கு உதவாது. அது வயதோடு பருப்பதில்லை என்பதால் அதன் உயரத்தையே எழுத வேண்டும். கணக்கெடுப்பைத் தை மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது. மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்த்து நிற்கும்போது, பழக்கமில்லாதவர் நல்ல மரத்தையும் பட்ட மரமென்று எழுதிவிடுவார்.

பதிவேடு கைக்கு வந்தபின் அதனிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது வயது பற்றியது. நகர மரங்களில் ஏறத்தாழ 40 வீதம் 20 சென்ரிமீற்றருக்குக் குறைந்த விட்டமும், 30 வீதம் 20 முதல் 40 வரையும், 20 வீதம் 40 முதல் 60 வரையும், 10 வீதம் அதற்கு மேலும் இருப்பது நல்ல கலவை என்பது நகர வனவியலில் நெடுநாளாக வழங்கும் ஓர் அளவுகோல். பெருமரங்களும் நேற்று நட்ட கன்றுகளும் மட்டும் இருந்து, நடுத்தர வயது மரங்கள் குறைவாக இருந்தால், பெருமரங்கள் விழும் காலத்தில் அந்த வீதி பல ஆண்டுகள் வெயிலில் கிடக்கும்.

இரண்டாவது கேள்வி இனம் பற்றியது. ஓர் இனம் 10 வீதத்தையும், ஒரு பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) 20 வீதத்தையும், ஒரு குடும்பம் (உறவுள்ள பேரினங்களின் தொகுதி) 30 வீதத்தையும் மிஞ்சக்கூடாது என 1990இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிராங்க் சான்டமோர் முன்வைத்த விதி இன்றும் பயன்படுகிறது. இவ்விதியை நமது வீதிகளில் வைத்துப் பார்த்தால் சங்கடமான உண்மை ஒன்று தெரியும். வேம்பு, மலைவேம்பு, மகோகனி மூன்றையும் மாறி மாறி நட்டுவிட்டுப் பல்வகைமை பேணியதாக நினைக்கிறோம். மூன்றும் ஒரே குடும்பம். புளி, வாகை, கொன்றை, புங்கை ஆகியன மற்றொரு குடும்பம். ஆலும் அரசும் இத்தியும் ஒரே பேரினம். வேம்பை நடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் யாழ்ப்பாணத்தில் எவரும் கேட்கப்போவதில்லை. ஒரு நோயோ பூச்சியோ வந்தால் வீதி முழுவதும் ஒரே ஆண்டில் மொட்டையாகாதிருக்க, நாவல், இலுப்பை, பூவரசு, மருது ஆகியவற்றுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும் என்பதே கருத்து.

எந்த மரம் எங்கே என்பதைத் தரைதான் தீர்மானிக்கும். பண்ணை, கொழும்புத்துறை போன்ற கடனீரேரிக் கரைகளில் உப்பைத் தாங்கும் பூவரசும் புங்கையும் பொருந்தும். ஆற்றங்கரை மரமான மருதை ஆரியகுளம் போன்ற குளக்கரைகளுக்கு ஒதுக்கலாம். நாவலை வாகனம் நிறுத்தும் இடத்துக்கு மேலே நட்டால் பழக்கறைக்காகவே அதனைத் தறிக்கச் சொல்வார்கள். மின்கம்பிக்குக் கீழே உயர்ந்து வளரும் எதனையும் நட வேண்டாம்.

கிடங்கு வெட்டும்போது பல இடங்களில் மண்வெட்டிக்கு முன்பே சுண்ணாம்புக்கல் குரல் கொடுக்கும். ஆழத்தை விட அகலமே முக்கியம்: கன்றின் வேரும் அதைச் சூழ்ந்த மண்ணும் சேர்ந்த வேர்க்கட்டியின் உயரமளவு ஆழமும் அதன் அகலத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலமும் போதும். ஆனால் அடியிலுள்ள கல்லை அலவாங்கால் உடைத்து வேருக்கு வழி விடாவிட்டால், மரம் தட்டையாக வேர்விட்டு முதற் புயலிலேயே சாயும். பனையோலைத் துண்டுகளையோ சருகையோ மூடாக்காக இடலாம்; தண்டை மட்டும் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும்.

இனி, திட்டத்தின் உயிர்நாடியான தண்ணீர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத, பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டுமே பெய்யும், குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் ஒரே நிலத்தடி நீரை நம்பியிருக்கும் குடாநாட்டில், நட்ட கன்று முதல் மூன்று கோடைகளைத் தாண்டும்வரை அதன் செலவு முடியவில்லை என்று கொள்ள வேண்டும். கன்றொன்றுக்கு ஒரு தடவைக்கு 20 லீற்றர், வாரத்துக்கு இரு தடவை என்று வைத்தால், 300 கன்றுகளுக்கு வாரம் 12,000 லீற்றர் வேண்டும்; அது 4,000 லீற்றர் பவுசர் ஒன்றின் மூன்று ஓட்டம். இந்த ஓட்டங்களுக்கும் சாரதிக்கும் மூன்று ஆண்டுக்குப் பணம் ஒதுக்க இயலாதென்றால், 300 என்பதை 100 ஆக்குங்கள்.

கவாத்து இளமையிலேயே தொடங்க வேண்டும். பெருவிரல் பருமனில் ஒரு கொப்பை வெட்டினால் காயம் விரைவில் மூடும். அதே கொப்பை இருபது ஆண்டு கழித்து வெட்டினால் அந்த இடம் உக்கத் தொடங்கும். ஆகவே இளமரங்களை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, ஒரே நடுத்தண்டு நிமிர்ந்து செல்லுமாறு போட்டித் தண்டுகளை நீக்க வேண்டும். பெரிய கொப்பை மூன்று வெட்டில் இறக்க வேண்டும்: தண்டிலிருந்து சற்றுத் தள்ளிக் கீழிருந்து அரைகுறையாக ஒன்று, அதற்கு வெளியே மேலிருந்து ஒன்று, பிறகு எஞ்சிய கட்டையை, கொப்பு தண்டோடு சேரும் இடத்திலுள்ள அடிப்புடைப்பு சிதையாமல் இறுதியாக ஒன்று. காயத்துக்குத் தாரோ பெயின்றோ பூசுவதால் பயனில்லை. மின்கம்பிக்காக உச்சியையே மொட்டையடிப்பது மிகத் தீயது. வெட்டிய இடத்தில் பலவீனமாக ஒட்டி எழும் தளிர்க் கொப்புகளே பின்னர் காற்றில் முறியும். மின்சார சபையோடு ஆண்டுதோறும் முன்கூட்டியே பேசி, வெட்டவேண்டிய கொப்புகளைப் பதிவேட்டின் இலக்கப்படி குறித்துக் கொடுப்பதே வழி. ஒட்டுண்ணிச் செடியான குருவிச்சை பிடித்த கொப்புகளையும் இதனோடு நீக்கலாம். வேலை முழுவதும் புரட்டாதிக்குள் முடிந்தால் வாடைக்காலப் புயலுக்கு முன் காய்ந்த கொப்புகள் மேலே இரா.

மேலே இவ்வளவு செய்தும் கீழே வேரை அறுத்தால் வீண். தண்டின் விட்டத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு ஆரத்துக்குள் கிடங்கு வெட்டலாகாது என்பது பொதுவான அளவு. 94 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள வேம்புக்கு அது ஏறத்தாழ 3.6 மீற்றர். ஒழுங்கையில் இவ்வளவு இடம் கிடைக்காதுதான். குறைந்தது தண்டு வரை சீமெந்து பூசுவதையாவது நிறுத்தலாம்.

உரிமை விடயத்தையும் எழுதிவைக்க வேண்டும். வீதியைப் பொறுத்து மாநகர சபையோ வீதி அபிவிருத்தி அதிகார சபையோ மாகாணத் திணைக்களமோ பொறுப்பாகும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியன தனியார் வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. மரத்தடியில் வைரவர் சூலம் இருந்தால் அதனையும் பதிவேட்டில் குறியுங்கள். அந்த மரத்துக்குக் காவலர் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

கண்டி வீதியிலுள்ள பழைய பூங்காவை உருவாக்கிய பேர்சிவல் அக்லண்ட் டைக், பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்கே அரசாங்க அதிபராக இருந்தார். தான் நட்டவை நிழல் தருவதைப் பார்க்க அவருக்குக் காலம் வாய்த்தது. இன்றைய அதிகாரி சில ஆண்டுகளில் இடமாற்றம் பெறுவார் என்பதால், திட்டம் அவர் நினைவில் அல்லாமல் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுகணக்கெடுப்புச் செய்து அதனைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது இன்னும் பத்து ஆண்டுக்குள் விழக்கூடிய மரங்களைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அண்மையில் வாரிசுக் கன்றை அவ்வாண்டுக் கார்த்திகையிலேயே நட்டு, கன்றின் இலக்கத்தை முதிய மரத்தின் இலக்கத்துக்கு நேரே எழுதிவிட வேண்டும்.