புது ஸ்கோப் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிறைஸ்ட்சர்ச்சுக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் நம்மூர்த் தம்பி ஒருவரைப் பார்த்தேன். துப்பாக்கி உரிமம் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. ரைபிளும் புதிது, அதன் மேல் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப்பும் புதிது. 100 மீட்டரில் மூன்று தோட்டாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. 200 மீட்டர் பலகைக்கு மாறியதும் எல்லாமே குறிக்கு மேலே போயின. “அண்ணா, ஸ்கோப் பழுது போலிருக்கு” என்று சொல்லிக்கொண்டே குறியை நகர்த்தும் திருகான டரெட்டின் மூடியைக் கழற்றப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே மூடியை நானும் கழற்றினேன். தடுக்கத்தான் பக்கத்தில் யாரும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதையெல்லாம் வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு நம்மிடம் பொழுதுபோக்கு வேட்டை என்பதே கிடையாது, அது சரியும்கூட. நம் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டைத் தொட்டால் சிறைதான். நியூசிலாந்தின் கதை வேறு. வௌவாலைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. நம் வரையாட்டின் தூரத்துச் சொந்தமான இமாலயத் தார் ஆட்டை 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாததால் அது பெருகி மலைச்செடிகளை மேய்ந்து தீர்க்கிறது. 1993-இல் வந்த அரசுத் திட்டம் 10,000-க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தது. அதனால் அரசு நிலத்தில் அனுமதிச் சீட்டோடு சுடலாம். ஆனால் சுட்டால் அது வதைபடாமல் அந்த இடத்திலேயே விழ வேண்டும். ஸ்கோப்பைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது அதற்காகத்தான்.

பெரிய ஜூம் வேண்டாம், மலிவுச் சரக்கு வேண்டாம் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடை விளக்கில் பார்த்து முடிவு செய்வது

கடைக்குள் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். மான் வெளியே வருவதோ பொழுது சாயும் கடைசி இருபது நிமிடத்தில். அந்த நேரத்தில் கண்ணுக்கு எவ்வளவு ஒளி வந்து சேரும் என்பதை ஒரு வகுத்தல் சொல்லிவிடும்: முன் லென்ஸின் விட்டத்தை ஜூமால் வகுக்க வேண்டும். 4-12x40 ஸ்கோப்பை (4 முதல் 12 மடங்கு வரை ஜூம், 40 மி.மீ. முன் லென்ஸ்) 12-இல் வைத்தால், 40-ஐ 12-ஆல் வகுக்க, கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 3.3 மி.மீ. அதையே 6-க்கு இறக்கினால் 6.7 மி.மீ. இருட்டில் இளவயதுக் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக 5 மி.மீ. பக்கம் நின்றுவிடும். அதனால் 12-இல் மங்கலாகத் தெரிகிற ஆடு 6-இல் தெளிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டு, மாலையில் வாசலுக்கு எடுத்துப்போய், தெருவுக்கு அந்தப் பக்கம் நிழலில் இருக்கும் எதையாவது பாருங்கள். மறுக்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

இருட்ட இருட்ட ஜூமைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். அடுத்த தவறு அதிலிருந்துதான் கிளம்புகிறது.

குறுக்குக்கோட்டுக்குக் கீழே உள்ள குறிகளை எல்லா ஜூமிலும் நம்புவது

இன்று விற்கிற ஸ்கோப் பலவற்றில் குறுக்குக்கோட்டுக்குக் கீழே ஏணிப்படி மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். தூரம் கூடினால் தோட்டா தாழும்; அதை ஈடுகட்டக் கீழ்க்கோட்டை ஆட்டின் மேல் வைத்துச் சுட வேண்டும். மில் என்ற அளவில் அவை பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு மில் என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ., 300 மீட்டரில் 30 செ.மீ. என்னுடைய .308 வகைத் தோட்டா ரைபிள் 100 மீட்டருக்குக் குறி சேர்த்தது, அதாவது அந்தத் தூரத்தில் நடுக்கோடு நிற்கும் இடத்திலேயே தோட்டா விழும். 300 மீட்டரில் 1.5 மில் கோட்டை வைக்க வேண்டும், அதாவது 45 செ.மீ. இதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அட்டையில் எழுதி ரைபிள் கட்டையில் ஒட்டியும் வைத்திருந்தேன்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். ஸ்கோப்பில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஜூமைத் திருப்பினால் படத்தோடு சேர்ந்து கோடுகளும் பெரிதாகும், சிறிதாகும். அதனால் குறியின் அளவு எப்போதும் மாறாது. இதை ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் என்பார்கள். இரண்டாவது வகையான செகண்ட் ஃபோகல் பிளேனில் படம் மட்டும் மாறும், கோடுகள் அப்படியே நிற்கும். அதில் குறிகள் ஒரே ஒரு ஜூமில்தான் உண்மை பேசும். பெரும்பாலும் அது உச்ச ஜூம். என்னுடையது இரண்டாவது வகை. 12-இல் 1.5 மில்லாக இருக்கும் கோடு 6-க்கு இறக்கியதும் 3 மில் ஆகிவிடுகிறது. 300 மீட்டரில் 45 செ.மீ. ஈடுகட்ட வேண்டிய இடத்தில் 90 செ.மீ. ஈடுகட்டுகிறது.

அது ஒரு ஜூன் மாதம். டெகபோ ஏரிக்கு மேலே காட்லி பள்ளத்தாக்கு. பிடரி மயிர் காற்றில் பறக்க ஒரு கிடா, பொழுது விழுகிற நேரத்தில் பாறை விளிம்புக்கு வந்து நின்றது. தூரமானி 300 என்றது. மங்கலாகத் தெரிந்ததால் ஜூமை 6-க்கு இறக்கினேன். கோட்டை வைத்தேன், சுட்டேன். கிடாவின் முதுகுக்கு மேலே பாறையில் புழுதி கிளம்பியது. “மேலே போச்சு!” என்றார் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த நண்பர். கிடா மேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

அதோடு விட்டிருந்தால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். கூடாரத்தில் உட்கார்ந்து, தலைவிளக்கு வெளிச்சத்தில் டரெட்டைப் பத்துக் கிளிக் கீழே இறக்கினேன். ஒரு காகிதக் குறியில் சுட்டுப் பார்க்கவில்லை. பத்துக் கிளிக் என்றால் 1 மில். மறுநாள் காலை 150 மீட்டரில் ஒரு பெட்டை. இந்தத் தூரத்துக்குக் கீழ்க்கோடே தேவையில்லை என்று நடுக்கோட்டை வைத்தேன். நான் இறக்கிய 15 செ.மீ., தோட்டா இயல்பாகத் தாழ்கிற ஐந்தாறு செ.மீ., இரண்டும் சேர்ந்து முன்னங்காலில் போய் விழுந்தது. மூன்று காலில் சரளைச் சரிவில் இறங்கி ஓடியது. கண்டுபிடித்து முடிக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. அந்த நான்கு மணி நேரமும் அது வலியில் இருந்தது. ஸ்கோப்பில் எந்தப் பழுதும் இல்லை, ரைபிளிலும் இல்லை.

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது ஒரு விஷயத்தில். பெட்டியின் மேல் ஜூம், லென்ஸ், நீர்புகாமை எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. குறிகள் 12-இல் மட்டுமே சரி என்ற வரி கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் கிடந்தது. விற்றவரும் சொல்லவில்லை. போன மாதத் தம்பிக்கும் யாரும் சொல்லவில்லை.

எந்த வகை என்று கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். தூரத்தில் ஒரு கம்பத்தின் மேல் குறுக்குக்கோட்டை வைத்துக்கொண்டு ஜூமைத் திருப்புங்கள். கம்பத்தோடு கோடும் தடித்தால் முதல் வகை. கம்பம் மட்டும் பெரிதானால் இரண்டாம் வகை.

முதல் வகைதான் எப்போதும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். அதில் ஜூமைக் குறைத்தால் கோடுகள் முடிபோல் மெலிந்து, இருண்ட காட்டில் கண்ணுக்கே படாமல் போகும். அதை எடுப்பதானால் நடுவில் விளக்கு எரிகிற மாதிரி எடுங்கள். இரண்டாம் வகையில் வெறும் குறுக்குக்கோடு, தூரத்துக்குத் திருப்புகிற டரெட் என்று எடுத்தாலும் சரி. கிளிக்குக்கும் ஜூமுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் திரும்ப இறக்கும்போது தொடங்கிய இடத்தைத் தாண்டிச் சுழலாமல் நிறுத்தும் அமைப்பு அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இருட்டில் ஒரு முழுச் சுற்று தவறிவிடும்.

முதல் ஸ்கோப் வாங்குகிறவருக்கு நான் சொல்வது இரண்டும் இல்லை. குறியே இல்லாத வெறும் குறுக்குக்கோடு, 3-9x40. சாதாரண .308 தோட்டா 100 மீட்டரில் 5 செ.மீ. மேலே விழும்படி சேர்த்துவிட்டால், சுமார் 230 மீட்டர் வரை எதையும் கணக்குப் போடாமல் நெஞ்சில் வைத்துச் சுடலாம். அதற்கு அப்பால் நிற்கிற ஆட்டை நெருங்கிப் போங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கோடு மில்லிலும் டரெட் எம்ஓஏ-விலும் இருப்பதை வாங்குவது

வேண்டாம். எம்ஓஏ என்பது மில் மாதிரியே இன்னொரு அளவு. 1 மில் என்பது 3.4 எம்ஓஏ, மலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கையில் அந்தப் பெருக்கல் வராது.

ஸ்கோப்பைப் பைனாகுலராகப் பயன்படுத்துவது

ஸ்கோப் வழியாகப் பார்க்கும்போது துப்பாக்கிக் குழாயின் முனையும் அதே இடத்தைத்தான் பார்க்கிறது. புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று தெரிந்துகொள்ள ரைபிளைத் தூக்குகிறவர், மனிதனாக இருந்தால் அவன் மேல் ரைபிளை நீட்டியாயிற்று. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இலக்கை அடையாளம் காண வேண்டும் என்பது இந்த நாட்டின் ஏழு துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. ஏப்ரல் மாதம் சிவப்பு மான் கத்தும் பருவத்தில் காடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். சக வேட்டைக்காரரை மான் என்று நினைத்துச் சுட்டுக் கொன்ற சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. ஸ்கோப்புக்கு வைத்த பணத்தில் பாதியைப் பைனாகுலருக்குப் பிரித்து வையுங்கள். கைக்காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் பைனாகுலர்.

ரிங்கில் மிச்சம் பிடிப்பது

ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்து நிற்பது இரண்டு ரிங்குகளும் சில சின்னத் திருகுகளும்தான். மலிவு ரிங் ஒவ்வொரு சூட்டுக்கும் மயிரிழை நகரும். குறி மெல்ல மெல்ல எங்கோ போய்விடும். கைப்பலத்தில் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். ரிங் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 இஞ்ச்-பவுண்ட் போதும். ரிங்கோடு வரும் தாளில் உள்ள அளவைப் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் திருப்புளியான டார்க் டிரைவரால் இறுக்குங்கள்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி பார்க்காமல் வாங்குவது

9 செ.மீ.க்குக் குறைந்தால் பலத்த உதை உள்ள ரைபிளில் புருவம் கிழியும்.

வாங்கிய வாரமே மலைக்குப் போவது

முதலில் 100 மீட்டரில் ஒரு பெரிய காகிதம் ஒட்டுங்கள். கடைசி வரை நடுப்புள்ளியையே குறிவைத்து ஒன்று சுடுங்கள். 20 கிளிக் மேலே, ஒன்று. 20 வலது, ஒன்று. 20 கீழே, ஒன்று. 20 இடது, ஒன்று. ஒரு கிளிக் 0.1 மில்லாக இருந்தால் 20 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரும். ஐந்தாவது தோட்டா முதல் ஓட்டையின் பக்கத்திலேயே விழ வேண்டும். திருகுகளைச் சரிபார்த்து, இரண்டு முறை செய்தும் விழவில்லையென்றால் ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். அந்தத் தம்பியும் நானும் அன்று இதைத்தான் செய்தோம். அவருடைய ஸ்கோப்பில் சதுரம் சரியாக விழுந்தது. டரெட் மூடியைப் போட்டு மூடிவிட்டு, ஜூமை 12-க்கு ஏற்றி 200 மீட்டர் பலகையைச் சுடச் சொன்னேன்.

மூன்றும் கருப்பு வட்டத்துக்குள்.