எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு

படித்ததில் பிடித்த வரி, யாரோ சொன்ன சுவையான பேச்சு, தோட்ட வேலைக்கான யோசனை, மேடையில் கேட்ட வாக்குறுதி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு வாங்காதீர்கள். எதில் எழுதுவது என்று யோசிப்பதற்குள் எழுத நினைத்தது மறந்துபோகும். ஒன்றே போதும். திரும்பத் தேடி எடுப்பதுதான் சிக்கல்.

அதற்கு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1686-ல் ஒரு பிரெஞ்சு மொழி இதழில் வழி சொல்லியிருக்கிறார். தலைப்பின் முதல் எழுத்து, அதையடுத்து வரும் முதல் உயிரெழுத்து, இந்த இரண்டையும் வைத்து நோட்டின் தொடக்கத்திலேயே ஓர் அட்டவணை. தமிழில் இது இன்னும் எளிது. உயிர்மெய்யில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 'தேர்தல்' என்றால் 'தே', 'வாசிப்பு' என்றால் 'வா'. முதல் சில பக்கங்களில் இந்த எழுத்துகளைப் போட்டு, எதிரே பக்க எண்ணைக் குறித்துக்கொண்டே போங்கள். பக்கங்களுக்கு எண் போடுவதை முதல் நாளே முடித்துவிடுங்கள்; தள்ளிப்போட்டால் போடவே மாட்டீர்கள்.

அரசியல் குறிப்புக்கு மட்டும் தேதியும், எங்கே கேட்டோம் என்பதும் கட்டாயம். பேசியவர் சொன்னது பேனாவில், நம் கருத்து பென்சிலில். பல மாதம் கழித்துப் புரட்டும்போது எது செய்தி, எது நம் கோபம் என்று பிரித்துப் பார்க்கலாம். (கோபத்தை அழிக்கவும் வசதி!)

தெரிந்தவர்களைப் பற்றி எழுதினால் பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நோட்டு யார் கையிலும் அகப்படலாம்.