பாசி எடுக்கும் கைகளும் ஒரு சிறு நிதியும்: ஆய்வு சறுக்கும் இடங்கள்

பாம்பன், மண்டபம் பக்கம் கடற்பாசி எடுக்கும் அக்கா ஒருவரின் கையைப் பாருங்கள். பழைய துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றியிருப்பார். பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியக் கூடாதே என்றுதான். அவிழ்த்தால் உள்ளே தோல் வெளுத்து, ஊறி, இடுக்கில் புண்ணாகியிருக்கும். மணிக்கணக்கில் ஈரத்தில் கிடக்கும் தோல் தன் காப்பை இழந்துவிடும். அப்புறம் பூஞ்சைக்கும் கிருமிக்கும் வழி திறந்த மாதிரிதான்.

இதை ஆராயப் பெரிய நிதி கேட்டால், "முதற்கட்டத் தரவு எங்கே?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தத் தரவைச் சேர்க்கத்தான் தொண்டு அமைப்புகளும் தோல் மருத்துவர் சங்கங்களும் தரும் சிறு நிதி. அது வயலுக்கு அல்ல, நாற்றங்காலுக்கு. இதை மறப்பதுதான் முதல் தவறு. "கடலோரத் தோல் நோய்களை ஒழிப்போம்" என்று எழுதிய விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். எனக்கு மனசு வலிக்கும். துணிச் சுற்றுக்குப் பதிலாக ரப்பர் விரலுறை போட்டால் புண் குறையுமா? இந்த ஒரு கேள்வி போதும். அதிலும் முப்பது பேரை வைத்துக் "குறைகிறது" என்று அடித்துச் சொல்ல முடியாது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், உறையைப் போட்டுக்கொண்டு பாசி எடுக்க முடிந்ததா, மறுபடி பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்தால் அடுத்த பெரிய ஆய்வை ஒழுங்காகத் திட்டமிடலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது காலம். தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, 1994-ல் பிரிட்டனின் கார்டிஃபில் வெளியான டி.எல்.க்யூ.ஐ. என்ற 10 கேள்வித் தாளை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அது கேட்பது கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டிப் பல ஊர்களில் பாசி எடுப்பதையும் நிறுத்திவைப்பார்கள். அப்போது போய்க் கேட்டால் மதிப்பெண், அதாவது பாதிப்பின் அளவு, இறங்கியிருக்கும். உறை வேலை செய்தது என்று நாம் மகிழ்வோம். ஓய்வெடுத்த கையல்லவா ஆறியிருக்கும்! முதல் தடவையும் அடுத்த தடவையும் பாசிக் காலத்திலேயே பாருங்கள்.

சொல்லிலும் கவனம் வேண்டும். "சொறி வந்ததா?" என்று கேட்டால் இந்தக் கரையில் சிலர் ஜெல்லி மீன் பட்டதைச் சொல்வார்கள். அதற்கும் சொறி என்றுதான் பெயர். அரிப்பு, புண், வெடிப்பு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பணத்தைக் கருவியில் கொட்டிவிட்டு, வருகிறவருக்கு ஆட்டோ காசு இல்லாமல் நிற்பதும் நடக்கிறது. ஒரு நாள் பாசியை விட்டு வருகிறவருக்கு அன்றைய கூலி போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்ட அனுமதிக்கின்றன. அதை வரவு செலவுத் திட்டத்தில் முதல் வரியாகவே எழுதுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வரும் முன் ஒருவரையும் சேர்க்காதீர்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வில் சேரச் சம்மதம் கேட்கும் படிவத்தை வாசித்துக் காட்டும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு நிதி என்றால் இன்னொரு சிக்கல். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தப்படி, வாங்கிய அமைப்பு அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. "நாங்கள் வாங்கி உங்களுக்குத் தருகிறோம்" என்ற பேச்சை நம்பி ஆட்களைச் சேர்த்துவிடாதீர்கள்.

கடைசியாக, மெடிக்கல் கடை ட்யூப். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசிக்கொண்டு வந்தவரின் படர்தாமரை அடையாளமே மாறிப்போயிருக்கும்; மருத்துவரே ஏமாறலாம். அதனால் வரச் சொல்லும்போதே, "பூசுற ட்யூபையும் கையோட எடுத்துட்டு வாங்க அக்கா" என்று சொல்லிவிடுங்கள். காலி ட்யூபாக இருந்தாலும் சரி.