இணையவழிக் கூட்டங்களில் ஆள்மாறாட்டத்தை எதிர்கொள்ளும் முறை

யாழ்ப்பாணத்திலிருந்து பழைய மாணவர் சங்கக் கூட்டத்தை சூமில் நடத்தும் நாங்கள் ஞாயிறு இரவு 7.30 மணியைத் தெரிவு செய்கிறோம். கோடைகாலத்தில் அப்போது இலண்டனில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி. மூன்று நாடுகளிலிருந்து ஆட்கள் சேரும்போது எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருப்பதில்லை என்பதால், திரையில் தெரியும் பெயரை நம்பியே உள்ளே விடுகிறோம். அப்படி ஒரு கூட்டத்தில், எமது போசகரான ஓய்வுபெற்ற ஆசிரியரின் பெயரில் வேறொருவர் நுழைந்தார். கமரா அணைக்கப்பட்டிருந்தது. மைக் வேலை செய்யவில்லை என்று எழுதியவர், "நண்பர்களே, கூரைத் திருத்த வேலைக்கான பணத்தை இந்தப் புதிய கணக்குக்கு இன்றே அனுப்புங்கள்" என்று அரட்டைப் பகுதியில் இட்டார். 'நண்பர்களே' என்ற சொல்தான் எங்களுக்கு உறுத்தியது. தலை நரைத்த எங்களையும் ஆசிரியர் இன்றுவரை "பிள்ளையள்" என்றே அழைப்பார். அவருடைய வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தபோது, "நான் இப்பத்தான் கோயிலாலை வந்தனான். என்ன கூட்டம், பிள்ளை?" என்று கேட்டார்.

திரையில் உள்ள பெயர் எவரும் தட்டச்சுச் செய்யக்கூடியது. ஆகவே ஆளை உறுதிப்படுத்தும் வழி கூட்டத்துக்கு வெளியே, நமக்கு முன்பே தெரிந்த தொலைபேசி இலக்கத்தில் இருக்க வேண்டும். நிருவாக சபையினரின் இலக்கங்களைத் தாளில் எழுதி, கூட்டத்தை நடத்துபவர் அருகில் வைத்திருப்பது நல்லது.

கூட்ட இணைப்பை முகநூலில் இடாமல் உறுப்பினருக்கு மட்டும் அனுப்புங்கள். நிரந்தரமான தனிப்பட்ட கூட்ட இலக்கத்தைத் தவிர்த்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய இலக்கத்தை உருவாக்குங்கள். நடத்துநர் அனுமதிக்கும்வரை ஆட்களை வெளியே நிறுத்திவைக்கும் காத்திருப்பு அறையை இயக்கி, பங்கேற்பாளர் தம் பெயரை மாற்றும் அனுமதியையும் திரையைப் பகிரும் அனுமதியையும் நிறுத்திவிடுங்கள். காத்திருப்பு அறையைக் கவனிக்கும் பொறுப்பைத் தலைவரிடமோ செயலாளரிடமோ கொடுக்காமல், அதற்கென்றே ஒருவரை இணை நடத்துநராக நியமிக்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. பேசிக்கொண்டே வாசலைக் காக்க ஒருவராலும் முடியாது.

பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியில் இணையும் அம்மம்மா, காத்திருப்பு அறையில் 'ஐபோன்' என்றோ பேரனின் பெயரிலோதான் தெரிவார். அவரைப் போலி என்று விலக்குவது பெரும் அவமதிப்பு. வாட்ஸ்அப்பில் அழைத்து விசாரித்து, உள்ளே எடுத்தபின் நடத்துநரே பெயரைத் திருத்திவிடலாம். உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டைக் கேட்டு ஆளை அறியலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சங்கத்தின் முகநூல் பக்கத்தில் உள்ள ஒன்றுகூடல் படங்களைப் பார்த்தவருக்கே அந்த ஆண்டு தெரிந்துவிடும் என்பதால், அக்கேள்வி பயன்படாது.

கூட்டம் நடக்கும்போது ஒருவர்மீது சந்தேகம் எழுந்தால், அவரை உடனே நீக்காமல் காத்திருப்பு அறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, உரியவரைத் தொலைபேசியில் அழையுங்கள். ஒரே பெயரில் இருவர் தோன்றினால் இருவரையும் காத்திருப்பு அறைக்கு அனுப்புங்கள். பிந்தி வந்தவர் உண்மையானவராக இருக்கலாம். போலி என்று உறுதியானதும் அவரை நீக்கி, நடத்துநர் கருவிகளில் உள்ள வசதியால் கூட்டத்தைப் பூட்டிவிடுங்கள், ஏனெனில் வேறு கணக்கில் மீண்டும் வர முயலலாம். ஆபாசப் படமோ கூச்சலோ வந்தால் 'பங்கேற்பாளர் செயற்பாடுகளை இடைநிறுத்தும்' பொத்தானை முதலில் அழுத்துங்கள். ஒலி, காட்சி, அரட்டை, திரைப்பகிர்வு எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும்.

முகத்தைக் காட்டச் சொன்னால் போதும் என்ற எண்ணம் இனிச் செல்லாது. ஆரப் என்ற பிரித்தானியப் பொறியியல் நிறுவனத்தின் ஹொங்கொங் ஊழியர் ஒருவர், இரகசியப் பணப்பரிமாற்றம் பற்றி வந்த மின்னஞ்சலை முதலில் சந்தேகித்தார். ஆனால் காணொளிக் கூட்டத்தில் தமது மேலதிகாரியின் முகத்தையும் குரலையும் கண்டு கேட்டபின் சந்தேகத்தைக் கைவிட்டு, 15 தடவைகளில் ஏறத்தாழ 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். அக்கூட்டத்தில் அவர் கண்ட சக ஊழியர்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவர்கள் என்பது 2024 இல் வெளிவந்தது. கூட்டத்தைத் துண்டித்துவிட்டு, தெரிந்த இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுத்திருந்தால் அப்பணம் தப்பியிருக்கும். எனவே கூட்டத்தில் அறிவிக்கப்படும் எந்தக் கணக்கு இலக்கத்துக்கும் அன்றே பணம் அனுப்புவதில்லை என்றும், பொருளாளரும் மற்றொருவரும் தனித்தனியே தொலைபேசியில் உறுதிசெய்த பின்னரே அனுப்புவது என்றும் சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளுங்கள்.

போலியை நீக்குவதற்கு முன்பே, முடிந்தால், பங்கேற்பாளர் பட்டியலையும் அரட்டையையும் நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. அடுத்து இணையப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 என்ற இலக்கத்துக்கும், அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் முறையிடலாம்; 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ், இணையத்தில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது குற்றமாகும்.

யாருடைய பெயர் களவாடப்பட்டதோ அவரை மறந்துவிடாதீர்கள். எங்கள் ஆசிரியர் தாமே பணம் கேட்டதாகச் சிலர் நினைத்துவிடுவார்களோ என்று இரண்டு நாள் வருந்தினார். அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைத் தெளிவாக எழுதி, கூட்டக் குறிப்பிலும் பதிந்தோம். அடுத்த கூட்டத்தில் அவருடைய மகளின் கணினியூடாக, கமராவின் முன் அமர்ந்து, அவரே முதலில் பேசினார்.